மூன்றாவது பெடல்: இன்பம், உழைப்பு, கியர் குறித்துச் சில குறிப்புகள்

1989ல் ஏறக்குறைய ஒரு மாத இடைவெளியில் இரண்டு காரியங்கள் நடந்தன. பிப்ரவரியில் சிகாகோ மோட்டார் கண்காட்சியில், ஹிரோஷிமாவைச் சேர்ந்த மாஸ்டா நிறுவனம் ஒரு சின்னக் காரைக் காட்டியது. இரண்டு பேர் மட்டும் உட்காரலாம், கூரையைப் பின்னுக்கு மடித்துவிடலாம். பெயர் எம்எக்ஸ்-5, அமெரிக்காவில் மியாட்டா. எஞ்சின் 1.6 லிட்டர், எடை ஆயிரம் கிலோவுக்கும் குறைவு, கையால் மாற்ற ஐந்து கியர். மார்ச் 26ஆம் தேதி ரியோ டி ஜெனிரோவில் நடந்த ஃபார்முலா ஒன் பந்தயத்தில் நைஜல் மான்செல் ஓட்டிய ஃபெராரி 640 முதலாவதாக வந்தது. அந்தக் காரில் கியர் ராடு கிடையாது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் விரலால் தட்டுகிற இரண்டு தகடுகள்தான். தட்டினால் கிளட்ச்சை எண்ணெய் அழுத்தமும் மின்னணுவும் பார்த்துக்கொள்ளும்.

வேகம்தான் குறிக்கோள் என்றால் மனிதனின் இடது காலும் கியர் ராடைப் பிடிக்கிற கையும் அனாவசியம் என்று அன்றைக்கே நிரூபணம் ஆகிவிட்டது. அதற்குப் பிறகும் மாஸ்டாவின் அந்தக் காரை முப்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக உலகம் வாங்கிக்கொண்டிருக்கிறது. 2016ல் பத்து லட்சமாவது கார் வெளியே வந்தது. இன்றைக்கும் அதைக் கிளட்ச்சோடு வாங்க முடியும். ஏன்? எந்திரம் தானே செய்யத் தயாராயிருக்கிற ஒரு வேலையை, காசு கொடுத்து, தன் காலாலும் கையாலும் செய்ய ஒருவன் ஏன் ஆசைப்படுகிறான்?

இதெல்லாம் ஒரு விஷயமா, நாட்டில் எழுத வேறொன்றும் இல்லையா என்று தோழர்கள் கேட்பார்கள். பணக்காரன் விளையாட்டுக்குத் தத்துவ முலாம் பூசுறீங்களா என்றுகூட ஒருவர் கேட்டார். இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது, அவசரமும் இருக்கிறது. எதிலெல்லாம் மனிதர்களுக்கு இன்பம் உண்டாகிறது, அந்த இன்பம் அவர்களுடைய வாழ்வில் எது இல்லாததன் அடையாளம் என்று பார்க்காமல், எல்லாவற்றையும் 'நுகர்வுக் கலாச்சாரம்' என்ற ஒரே மூட்டையில் கட்டிப் போடுவது நம் பழக்கமாகிவிட்டது.

காரைப் பற்றி நமக்குக் கிடைத்த விமர்சனங்களைக் கொஞ்சம் திரும்பிப் பார்க்கலாம். 1909ல் மாரினெட்டி தன் எதிர்காலவாத அறிக்கையில் பந்தயக் காரைக் கிரேக்கச் சிற்பத்துக்கு மேலாக வைத்தார். அந்த வேக வழிபாடு கடைசியில் முசோலினியின் திண்ணையில் போய் உட்கார்ந்தது என்பது நமக்குத் தெரிந்த கதை. 1955ல் பாரிஸ் கண்காட்சியில் சித்ரோயன் டிஎஸ் 19 வந்தபோது ரோலான் பார்த் அதைப் பற்றி எழுதினார். 1957ல் வந்த 'தொன்மங்கள்' தொகுப்பில் அது இருக்கிறது. அந்தக் காரை இக்காலத்தின் பெரிய தேவாலயமாகப் பார்க்கிறார். தகடுகள் இணையும் இடம் தெரியாத வழவழப்பைப் பார்க்கிறார், ஜனங்கள் கண்காட்சியில் அதைத் தொட்டுத் தடவுவதைப் பார்க்கிறார். அருமையான கட்டுரைதான். ஆனால் அந்தக் கார் கடைசிவரை நின்றுகொண்டே இருக்கிறது, யாரும் ஓட்டுவதில்லை. அந்த டிஎஸ் 19ல் கிளட்ச் பெடலே இல்லை, கியர் மாற்றும்போது எண்ணெய் அழுத்தமே கிளட்ச்சை இயக்கியது என்பதில் பார்த்தின் கண் நிற்கவில்லை. ஓட்டுகிறவனின் உடலிலிருந்து ஒரு வேலை பறிக்கப்பட்ட தருணம் அது. பார்வையாளனாக நின்ற குறியியல் அந்தப் பறிப்பைத் தவறவிட்டது.

பின்னால் வந்தவர்கள் இன்னும் கறாரானவர்கள். 1973ல் ஆந்த்ரே கோர்ஸ், கார் என்பது கடற்கரை மாளிகை மாதிரி, எல்லோருக்கும் கிடைத்துவிட்டால் யாருக்கும் பயன்படாத ஆடம்பரம் என்றார். அடுத்த ஆண்டு இவான் இல்லிச் கணக்கே போட்டார். சராசரி அமெரிக்க ஆண், காருக்காகச் சம்பாதிக்கிற நேரத்தையும் சேர்த்து, ஆண்டுக்கு 1,600 மணி நேரத்துக்கும் மேல் அதற்குக் கொடுக்கிறான். கிடைப்பது 7,500 மைல். வகுத்துப் பார்த்தால் மணிக்கு ஐந்து மைல்கூட வரவில்லை. இரண்டு பேரையும் நான் ஏற்கிறேன். காரை ஒரு போக்குவரத்து அமைப்பு என்று எடுத்துக்கொண்டால் இதற்கு மேல் வாதாட இடமில்லை. எங்கேயும் போய்ச் சேரவேண்டிய அவசியமில்லாமல், ஞாயிறு காலையில் மலைப்பாதையில் போய்விட்டு அதே வழியில் திரும்பி வருகிறவனைப் பற்றி இந்தக் கணக்கு ஒன்றும் சொல்வதில்லை. அவனுக்கு வேகம்கூட இரண்டாம்பட்சம். சக்தி குறைந்த வண்டியை அதன் எல்லைவரை ஓட்டுவதே, சக்தி மிகுந்த வண்டியை அடக்கி ஓட்டுவதைவிட ருசியானது என்பது இந்தக் கூட்டத்தாரின் பொதுவான நம்பிக்கை.

அந்த ருசி எங்கே இருக்கிறது என்று உடலுக்குள் போய்ப் பார்க்க வேண்டும். வளைவு வருகிறது, மூன்றாவது கியரில் போகிறோம், இரண்டாவதுக்கு இறக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அதே சாலை வேகத்துக்கு இரண்டாவது கியரில் எஞ்சின் இன்னும் வேகமாகச் சுழன்றாக வேண்டும். அந்த வித்தியாசத்தைச் சரிசெய்யாமல் கிளட்ச்சை விட்டால் வண்டி ஒரு வெட்டு வெட்டும், பின்சக்கரம் பிடி தளரும். ஆகவே வலது காலின் முன்பாதம் பிரேக்கை அழுத்திக்கொண்டிருக்கும்போதே, அதே காலின் ஓரத்தைச் சாய்த்து ஆக்சிலேட்டரை ஒரு தட்டு தட்ட வேண்டும். இடது கால் கிளட்ச்சில். ஒரு கை ராடை மூன்றிலிருந்து இரண்டுக்கு இழுக்கிறது, மறு கை ஸ்டியரிங்கை மெல்லத் திருப்ப ஆரம்பிக்கிறது. இவ்வளவும் ஒரு விநாடிக்குள். சரியாக அமைந்துவிட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். எஞ்சின் ஒலி மட்டும் ஒரு படி மேலே ஏறி நிற்கும். பக்கத்தில் இருப்பவர் தலை அசைந்திருக்காது. பற்சக்கரங்கள் கரகரக்காமல் சேர்வதற்கான ஒத்திசைவு ஏற்பாடு 1928லேயே காடிலாக் கார்களில் வந்துவிட்டது. அதற்கு முன்னால் 'டபுள் கிளட்ச்' அடிக்காமல் யாரும் ஓட்டியிருக்க முடியாது. நம்மூர் பழைய லாரிக்காரர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். எஞ்சினையும் சக்கரத்தையும் சமப்படுத்துகிற வேலை மட்டும் இன்னும் காலிடமே இருக்கிறது. இந்த அறிவை வார்த்தையில் வைக்க முடியாது. மேலே நான் எழுதியிருப்பதைப் படித்து யாரும் கற்றுக்கொள்ள முடியாது. அது பாதத்திலும் இடுப்பிலும் காதிலும் சேர்கிற அறிவு.

மாஸ்டாக்காரர்கள் இதற்கு ஒரு பெயர் வைத்தார்கள்: ஜின்பா இத்தாய், குதிரையும் வீரனும் ஒருடல். குதிரைமேல் பாய்ந்தபடி அம்பு எய்கிற சாமுராய் மரபிலிருந்து எடுத்தது. விளம்பரச் சொல்லாடல் எப்போதும் கொஞ்சம் நிலப்பிரபுத்துவ வாசனை பிடிக்கும். அதே நிறுவனம் 1973 எண்ணெய் நெருக்கடியில் தடுமாறியபோது, தொழிற்சாலைத் தொழிலாளர்களை வீடுவீடாகக் கார் விற்க அனுப்பியது. குதிரையிலிருந்து இறக்கிவிடப்பட்ட அந்த மனிதர்களுக்கு எந்த ஒருடல் என்று விளம்பரம் சொல்லாது. காரின் மாதிரியும் கடன் வாங்கியதுதான். போர் முடிந்து ஊர் திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்கள் எம்ஜி போன்ற இங்கிலாந்தின் சின்னக் கார்களுக்கு அங்கே மோகம் உண்டாக்கினார்கள். அபிங்டனில் இருந்த எம்ஜி தொழிற்சாலை 1980ல் மூடப்பட்டது. மூடிய ஆலையின் நினைவைத்தான் ஹிரோஷிமா, எண்ணெய் ஒழுகாத வடிவத்தில், திரும்பச் செய்து விற்றது. ஏக்கம் ஒரு கச்சாப்பொருள் என்பது நமக்குப் புதிதல்ல.

சரி, அப்படியானால் இது வெறும் ஏக்க வியாபாரம் என்று முடித்துவிடலாமா? முடியாது என்று எனக்குத் தோன்றியது ஷெஃபீல்டில். அங்கே இருக்கிற ஈழத்து நண்பர் ஒருவர் பெரிய சரக்குக் கிடங்கில் வேலை செய்கிறார். மணிக்கட்டில் கட்டிய கருவி எந்த வரிசை, எந்த அடுக்கு, எந்தப் பொருள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லும். எடுத்ததும் அடுத்ததைச் சொல்லும். எத்தனை விநாடி ஆயிற்று என்பதையும் அது எழுதி வைத்துக்கொள்ளும். எந்த வழியாக நடப்பது என்பதைக்கூட அவர் தீர்மானிப்பதில்லை. அவரிடம் 2001ல் செய்யப்பட்ட எம்எக்ஸ்-5 ஒன்று இருக்கிறது. இரண்டாயிரம் பவுண்டுக்கும் குறைவாகக் கிடைத்ததாம். கதவுக்குக் கீழே துரு தின்றிருக்கிறது, ஆண்டுச் சோதனைக்குப் போகும்போதெல்லாம் வயிற்றில் புளி கரைக்கும். பணக்காரன் விளையாட்டு என்று சொன்ன தோழருக்கு இந்தத் துருவைக் காட்ட வேண்டும்.

அந்த வண்டியில் ஷெஃபீல்டிலிருந்து கிளாசப்புக்குப் போகிற ஸ்நேக் பாஸ் மலைச்சாலையில் போனோம். பாதி தூரம் நானும் ஓட்டினேன். மரங்கள் முடிந்து மொட்டை மேடு ஆரம்பிக்கிற இடத்தில் வளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. இரண்டு, மூன்று, திரும்ப இரண்டு. வேகம் சட்டத்துக்கு உட்பட்டதுதான், எங்களை முந்திப் போனவர்கள் நிறையப் பேர். கீழே இறங்கி டீ குடிக்கும்போது அவரிடம், இதில் என்னதான் கண்டீர்கள் என்று கேட்டேன். "அங்கை அந்தப் பெட்டி என்னை ஓட்டுது அண்ணை. கிழமையிலை ஒருநாள் நான் ஒண்டை ஓட்டுறன், அவ்வளவுதான்" என்றார்.

ஹாரி பிரேவர்மன் 1974ல் எழுதிய 'உழைப்பும் ஏகபோக மூலதனமும்' நூலை இந்த வாக்கியத்தின் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம். பிரேவர்மனே செம்புத் தகட்டு வேலை செய்தவர். வேலையைச் சிந்திப்பதும் செய்வதும் என்று இரண்டாகப் பிளந்து, சிந்திப்பதை நிர்வாகத்துக்குக் கொடுத்து, செய்வதை மட்டும் உடலிடம் விட்டதுதான் டெய்லரின் விஞ்ஞான நிர்வாகம் என்றார். ஹைலேண்ட் பார்க்கில் 1913ல் ஃபோர்டின் நகரும் பட்டறை அதை எந்திரமாகவே ஆக்கியது. கவனிக்க வேண்டியது என்னவென்றால், கையிலிருந்து தீர்மானத்தைப் பறிப்பதில் முன்னணியில் நின்ற அதே கார்த் தொழில்தான், பறித்ததில் ஒரு துளியை விடுமுறைநாள் இன்பமாகத் திருப்பி விற்கிறது. எப்போது கியர் மாற்றுவது என்று தானே கேட்டு, தானே முடிவெடுத்து, தன் கையாலேயே செய்து, பலனை உடனே முதுகுத்தண்டில் உணர்வது. இப்படி முழுமையான வேலைகள் ஒரு கிடங்குத் தொழிலாளியின் வாரத்தில் எத்தனை இருக்கும்? இங்கே உழைப்பே இன்பமாக நுகரப்படுகிறது. இது போலி உணர்வு என்று நான் சொல்ல மாட்டேன். பசி உண்மையானது, கடைக்காரனுக்கு அது தெரிந்திருக்கிறது.

அந்த மொட்டை மேட்டுக்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது. ஸ்நேக் பாஸுக்குத் தெற்கே தெரிகிற மேட்டுநிலம் கிண்டர் ஸ்கவுட். கனவான்கள் வேட்டையாடுவதற்காக அடைத்து வைத்திருந்த அந்த நிலத்தில் 1932 ஏப்ரல் 24ஆம் தேதி மான்செஸ்டர் பக்கத்து இளம் தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கில் அத்துமீறி ஏறினார்கள். முன்னால் நின்றவர் பென்னி ராத்மன் என்ற இருபது வயதுக் கம்யூனிஸ்ட். ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். கோரிக்கை என்ன? கூலி உயர்வு இல்லை, எட்டு மணி நேரம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மலைமேல் நடக்க வேண்டும், அவ்வளவுதான். சும்மா, சந்தோஷத்துக்காக. திறந்த வெளிகளில் நடக்கும் உரிமை 2000ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது. இடதுசாரி வரலாறு என்றால் எப்போதும் பட்டினி, துப்பாக்கிச்சூடு என்றே பேசுகிற நமக்கு இந்தச் சிறைவாசத்தை எந்த அத்தியாயத்தில் சேர்ப்பது என்று தெரிவதில்லை. நடப்பவனின் மேட்டை ஊடறுத்துப் புகை விட்டுப் போகிற காரை நான் ராத்மனுக்குப் பக்கத்தில் நிறுத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமையின் இன்பத்தை அரசியலாகப் பார்க்க அவர்களுக்குக் கூச்சம் இருக்கவில்லை என்பதை மட்டும் சொல்கிறேன்.

இதன் ஆண்மை விவகாரத்தையும் தொட்டுவிட வேண்டும். கியர் போட்டு ஓட்டுகிறவன்தான் ஆம்பிளை என்ற பேச்சு எல்லா நாட்டிலும் உண்டு. அப்படிப் பார்த்தால் பாதத்திலும் கையிலும் இவ்வளவு வித்தை கேட்கிற எம்எக்ஸ்-5 ஆண்மையின் உச்சமாக அல்லவா இருக்க வேண்டும்? இங்கிலாந்தில் அதற்கு வைத்த கேலிப்பெயர் 'முடி அலங்காரக்காரர் கார்'. சின்னது, உருண்டையானது, குதிரைசக்தி குறைவு, ஆகவே பெண்மைத்தனமாம். கேலியைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால் ஆண்மை என்று அவர்கள் சொல்வது திறமையை இல்லை, எஞ்சின் அளவை என்பது வெளியே வந்துவிடுகிறது. இழிவுக்கு அவர்கள் தேர்ந்தெடுத்த உவமையும் பாருங்கள். நாள் முழுக்க நின்றபடி, விரல்நுனியின் நுட்பத்தால் பிழைக்கிற ஒரு தொழில். கைத்திறனைக் கொண்டாடுவதாகச் சொல்லிக்கொள்கிற கூட்டம், கைத்தொழில் செய்பவரின் பெயரையே வசவாக்குகிறது. முடி வெட்டுகிற தொழிலை எந்தச் சாதியின் தலையில் கட்டி, எப்படி இழிவுபடுத்தினோம் என்று தெரிந்த நமக்கு இதன் இலக்கணம் விளக்காமலே புரியும்.

நம்மூரில் குறிகளே தலைகீழ். அமெரிக்காவில் புதிதாக விற்கிற கார்களில் கிளட்ச் உள்ளவை அபூர்வம். திருட வந்தவன் மூன்றாவது பெடலைப் பார்த்து ஓட்டத் தெரியாமல் விட்டுவிட்டு ஓடிய செய்திகள் அவ்வப்போது அங்கே வருகின்றன. இங்கே கிளட்ச் சாதாரணம். இடது காலுக்கு ஓய்வு கொடுப்பதுதான் கூடுதல் காசு. 2014ல் மாருதி செலெரியோ வந்தபிறகுதான் சிறிய கார்களில் அது கொஞ்சம் பரவியது. நகரப் பேருந்து ஓட்டுநரிடம் போய்க் கியர் மாற்றுவதன் இன்பம் என்று பேச்செடுத்தால் என்ன பதில் வரும்? ஒரு நடையில் எத்தனை முறை கிளட்ச் மிதிக்கிறார் என்று எண்ணச் சொல்வார், முழங்காலைக் காட்டுவார். அதே பெடல், அதே கால். ஆகவே இன்பம் பெடலுக்குள் இல்லை. எந்த நேரத்தில் எந்த ஊர் போய்ச் சேர வேண்டும் என்ற நேரப் பட்டியல் அவருக்கு இருக்கிறது, எனக்கும் நண்பருக்கும் அன்றைக்கு இல்லை. அவருக்குத் தானியங்கி கியர் வேண்டும் என்றுதான் நானும் கேட்பேன். திறனுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்ற பெயரில் அடுத்தவர் முழங்காலைத் தேய விட முடியாது.

கியர்பாக்ஸைச் செய்தவர் கதை இன்னொன்று. ஜப்பானியப் பத்திரிகையாளர் சதோஷி கமாட்டா 1972ல் டொயோட்டாவில் பருவகாலத் தொழிலாளியாகச் சேர்ந்து ஆறு மாதம் வேலை பார்த்தார். அவருக்குக் கொடுத்தது கியர்பாக்ஸ் பூட்டும் பிரிவு. அங்கே எழுதிய நாட்குறிப்பு 1973ல், நம்பிக்கையற்ற தொழிற்சாலை என்று பொருள்படும் தலைப்பில் புத்தகமாக வந்தது. நகர்ந்துகொண்டே இருக்கும் பட்டை, வேகம் தாங்காத விரல்கள், அறைக்குத் திரும்பினால் பேசக்கூடத் தெம்பில்லாத இரவுகள். ஓட்டுகிறவன் கையில் 'கிளிக்' என்று விழுகிற பற்சக்கரங்களை இன்னொருவன் கை, எதையும் தீர்மானிக்க அனுமதியில்லாமல் பூட்டியிருக்கிறது. ஸ்போர்ட்ஸ் கார் இலக்கியம் முழுக்கத் தேடினாலும் இந்தக் கையை நீங்கள் பார்க்க முடியாது.

இன்பம் அபூர்வமாகும்போது சந்தை என்ன செய்யும் என்பதற்கு இரண்டு உதாரணங்கள் போதும். போர்ஷ் 2013ல் தன் 911 ஜிடி3 காரைக் கிளட்ச் பெடல் இல்லாமலே கொண்டுவந்தது. பந்தயத்தடத்தில் அதுதான் வேகம் என்றார்கள். ரசிகர்கள் முணுமுணுத்தார்கள். 2016ல் கையால் மாற்றும் கியரோடு 911 ஆர் என்று 991 கார்கள் மட்டும் வந்தன. வாங்கினவர்களில் பலர் ஓட்டவே இல்லை, மூடி வைத்து விலையேற்றி விற்றார்கள். பயன்மதிப்பு மொத்தமும் இடது காலில் இருக்கிற ஒரு பொருள், யார் காலும் படாமல் பரிவர்த்தனை மதிப்பாகக் கொழுத்தது. அடுத்தது 2023ல் வந்த ஹூண்டாய் ஐயோனிக் 5 என். மின்சாரக் கார். மின்மோட்டாருக்கு இந்த மாதிரி கியர் வரிசையே தேவையில்லை. ஆனாலும் எட்டு கியர் இருப்பதுபோல மோட்டாரின் இழுவையை இடையிடையே வெட்டி, குலுக்கி, ஒலிபெருக்கியில் எஞ்சின் சத்தம் எழுப்புகிற மென்பொருள் அதில் இருக்கிறது. பொத்தானை அழுத்தினால் கியர் உண்டு, இன்னொரு முறை அழுத்தினால் இல்லை. போத்ரியார் இருந்திருந்தால் நாலு பக்கம் எழுதியிருப்பார். எனக்கு அதில் கேலிக்கு மேலாக வேறொன்று தெரிகிறது. இல்லாத எதிர்ப்பைக்கூடச் செயற்கையாக உண்டாக்கிக் கொடுத்தால்தான் கைகள் திருப்தியடைகின்றன என்று ஒரு பன்னாட்டு நிறுவனம் கணக்கிட்டு வைத்திருக்கிறது. நம் தொழிற்சங்கங்கள் இந்தக் கணக்கை இன்னும் போட்டுப் பார்க்கவில்லை.

போட்டுப் பார்த்தவர்கள் உண்டு. பழைய எம்ஜி, டிரையம்ஃப் கார்களின் விளக்கு, டைனமோ, வயரிங் எல்லாம் லூகாஸ் கம்பெனி சரக்கு. மழை பெய்தால் விளக்கு அணையும் என்பதால் அந்தக் கார் ரசிகர்கள் லூகாஸுக்கு 'இருளின் இளவரசன்' என்று பட்டம் கொடுத்து இன்றைக்கும் சிரிக்கிறார்கள். அதே குழுமத்தின் விமானப் பிரிவான லூகாஸ் ஏரோஸ்பேஸில் ஆட்குறைப்பு வந்தபோது, தொழிற்சங்கப் பிரதிநிதிகளின் கூட்டுக்குழு 1976 ஜனவரியில் ஒரு மாற்றுத் திட்டத்தை வெளியிட்டது. ஆயுத உதிரிபாகங்களுக்குப் பதிலாக நாங்கள் இவற்றைச் செய்கிறோம் என்று ஏறக்குறைய 150 பொருள்களின் பட்டியல். சிறுநீரக எந்திரம், வெப்பப் பம்பு, சாலையிலும் தண்டவாளத்திலும் ஓடும் பேருந்து. அதில் இன்னொரு வகையும் இருந்தது: மனிதனை விலக்கிவிட்டுத் தானே வேலை செய்யும் ரோபோவுக்கு மாற்றாக, ஆபத்தான இடங்களில், தூரத்தில் நிற்கும் தொழிலாளியின் கையசைவை அப்படியே பின்பற்றுகிற கருவிகள். திறன் கையிலேயே இருக்க வேண்டும், எந்திரம் அதைத் தொடர வேண்டும் என்பது வடிவமைப்பிலேயே வைத்த நிபந்தனை. திட்டத்தின் முன்னணியில் இருந்த பொறியாளர் மைக் கூலி, உழைப்பவரின் சொல்லில் அடங்காத அறிவைப் பற்றிப் பின்னால் தனி நூலே எழுதினார். நிர்வாகம் திட்டத்தை நிராகரித்தது. 1981ல் கூலியை வேலையிலிருந்து நீக்கியது. ஆனால் சாலை, தண்டவாளம் இரண்டிலும் ஓடும் அந்தப் பேருந்தின் மாதிரி செய்யப்பட்டு, ஓட்டிக் காட்டப்பட்டது.